நோட்டுப் புத்தகத்துப் பாடகிகள்

கொச்சியில், மட்டாஞ்சேரியின் இசைக் கதையை யாரிடம் கேட்டாலும் மெஹபூபில்தான் தொடங்குவார்கள். 1926இல் பிறந்து 1981இல் மறைந்த எச். மெஹபூப் ‘ஜீவித நௌகா’ (1951) மூலம் சினிமாவுக்கு வந்தார். ‘நீலக்குயில்’ (1954) பாட்டு அவரைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோயிற்று. சினிமா அவரை மறந்த பிறகும் கொச்சிக்காரர்கள் மறக்கவில்லை. கல்யாண வீடுகளிலும் மெஹ்ஃபில்களிலும் விடிய விடியப் பாட வைத்தார்கள். அவருக்குத் தபலா வாசித்த இளைஞர் ஒருவர் பின்னாளில் உம்பாயி என்ற பெயரில் மலையாள கஜலுக்கே முகவரியானார். அவரும் 2018இல் போய்ச் சேர்ந்தார். மெஹபூப், உம்பாயி, அவர்களைச் சுற்றி ஆர்மோனியக்காரர்களும் தபலாக்காரர்களும். ஊரின் இசை வரலாறு இப்படியே ஆண் பெயர்களாக நீண்டுகொண்டு போகிறது.

பெண் குரல் அங்கே இல்லாமல் போகவில்லை. அது வேறு இடத்தில், வேறு ஏற்பாட்டில் இருந்தது. கொச்சங்காடி முதல் யூதத் தெரு வரையிலான ஒரு சிறு நிலப்பரப்பில், பல நூற்றாண்டுகளாக, ஒரே பெண் எபிரேயத் துதிப்பாடலும் மலையாளக் கதைப்பாட்டும் கல்யாணப் பாட்டும் கைகொட்டிப் பாட்டும் பாடிவந்தாள். மேடை இல்லை, சன்மானம் இல்லை, இசைத்தட்டு இல்லை. அவளுக்கு இருந்தது கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம். கேரள யூதப் பெண்களின் பாட்டு மரபைப் பற்றித்தான் சொல்கிறேன். ‘பல வகை இசையிலும் வல்ல பாடகி’ என்ற சொற்றொடரை நாம் சினிமாப் பின்னணிப் பாடகிகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருப்பது சரியல்ல என்பது என் எண்ணம். அதற்கு இந்த மரபைவிட நல்ல சான்று தென்னிந்தியாவில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பாடகியின் வீச்சை நாம் அளக்கும் விதத்தைப் பாருங்கள். வாணி ஜெயராம் என்றால் கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, கஜல், பஜன், பத்தொன்பது மொழிகளில் பாட்டு, மூன்று தேசிய விருது என்று அடுக்குகிறோம். வேலூரில் பிறந்து, பம்பாயில் இந்துஸ்தானி கற்று, ‘ஸ்வப்னம்’ (1973) படத்தில் சலில் சௌத்ரி இசையில் மலையாளத்துக்குள் நுழைந்து, அந்த மொழிக்காரர்களே வியக்கும்படி பாடியவர். அத்தனை பெருமைக்கும் உரியவர்தான். ஆனால் இந்தக் கணக்கு எதைக் கொண்டு போடப்படுகிறது? ஒலிப்பதிவுக் கூடத்தின் பதிவேட்டையும் படத்தின் பெயர்ப் பட்டியலையும் கொண்டு. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் பாடியவளுக்கு நம் கணக்குப் புத்தகத்தில் பக்கமே கிடையாது.

கொச்சங்காடிக்கு வருவோம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணலால் மூடிக் கொச்சிக் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது கேரள வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. வணிகம் தெற்கே நகர, வணிகர்களும் நகர்ந்தார்கள். அப்படி வந்த யூதர்கள் கொச்சங்காடியில் ஒரு தொழுகைப் பள்ளி கட்டினார்கள். அது இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியின் முற்றத்துச் சுவரில் பதித்துக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதில் உள்ள எபிரேய ஆண்டு 5105, அதாவது 1344–45. கொச்சி நகரத்தில் யூதர் இருப்புக்கான மிகப் பழைய கல் ஆதாரம் அதுதான். இன்று கொச்சங்காடிக்குப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது செம்பிட்ட பள்ளி எனும் பழைய மசூதி. கொச்சியில் பள்ளி என்ற சொல் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரின் வழிபாட்டிடத்துக்கும் பொதுவானதால், எந்தப் பள்ளி என்று கேட்டுக்கொண்டுதான் வழி சொல்வார்கள்.

பிற்காலத்தில் மட்டாஞ்சேரியில் மூன்று யூதச் சபைகள் நிலைபெற்றன: கடவும்பாகம், தெக்கும்பாகம், பரதேசி. எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. ஆக எட்டு. பரதேசிப் பள்ளி 1568இல் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டித் தந்த நிலத்தில் எழுந்தது. ஸ்பெயினிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்கள் அதன் உறுப்பினர். மற்ற ஏழும் மலபார் யூதர்களுடையவை. எட்டுச் சபையிலும் சேர்த்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். இவ்வளவு சிறிய சமூகம் ஏறத்தாழ முந்நூறு மலையாளப் பாட்டுகளை வைத்திருந்தது. எல்லாம் பெண்களுடையவை.

அந்தப் பாட்டுகளின் வகைகளைப் பிரித்துப் பார்த்தால்தான் பாடியவளின் வீச்சு புரியும்.

ஒரு கல்யாண வாரத்தை எடுத்துக்கொள்வோம். மணப்பெண்ணைச் சடங்கு நீராட்டுக்கு அழைத்துப் போகும்போது ஒரு பாட்டு. அது பெண்கள் கூட்டத்துக்குள்ளேயே பாடப்படுவது, கிண்டலும் கொஞ்சலும் கலந்தது. தாலி கட்டும்போது ஒரு பாட்டு. ஆமாம், கொச்சி யூதப் பெண்ணுக்கும் தாலி உண்டு. மாப்பிள்ளை பள்ளிக்கு ஊர்வலமாக வரும்போது பாடுவது முற்றிலும் வேறு தொனி. அங்கே மாப்பிள்ளை ஓர் அரசன். சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 அளவில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு இன்றும் பரதேசிப் பள்ளியில் இருக்கிறது. பகல் விளக்கு, நடைபாவாடை, குடை, பறை, தோரணம் எனச் சிலவற்றைப் பெயர் சொல்லி அது குறிப்பிடும் எழுபத்திரண்டு உரிமைகளின் நினைவை ஒவ்வொரு மாப்பிள்ளை ஊர்வலமும் மீட்டெடுத்தது. பாட்டும் மாப்பிள்ளையை ஜோசப் ரப்பானின் வாரிசாகவே பாவித்தது. ஆக, கல்யாணப் பாட்டு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் குடும்பப் பாட்டும் வரலாற்றுப் பாட்டும் இருக்கின்றன.

விருந்து நாட்களில் கதைப்பாட்டு. ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனது, யோசேப்பை அண்ணன்மார் விற்றது, மோசே, தாவீது எனத் தோராவும் பிற மறைநூல்களும் சொல்லும் கதைகள் மலையாளத்தில். இவற்றில் மறைநூலின் வாசகம் மட்டும் இல்லை. அதைச் சுற்றி யூத உரைமரபில் வளர்ந்த கிளைக் கதைகளும் வருகின்றன. பாட்டை இயற்றியவர்களுக்கு அந்த உரைமரபில் பழக்கம் இருந்தது என்பதற்கு இது போதும். கதைப்பாட்டு நீளமானது, பல சரணங்களை நினைவில் வைத்து, கேட்பவர் அயராமல் கொண்டுபோக வேண்டும். கதைசொல்லியின் திறமை அங்கே வேண்டியிருக்கிறது.

அடுத்தது பள்ளிப் பாட்டு. தங்கள் தொழுகைப் பள்ளி எப்படிக் கட்டப்பட்டது, யார் நிலம் தந்தார், எந்தப் பெரியவர் முன்னின்றார் என்று சொல்வது. ஒரு சபையின் ஸ்தல புராணம் பெண்களின் வாயில் இருந்தது. இதே வகையில் எவராயி என்பவரின் பாட்டும் உண்டு. ஜெருசலேமிலிருந்து புறப்பட்டு எகிப்து, ஏமன், பாரசீகம் வழியாகப் பாலூர் வந்து சேர்ந்த ஒருவரின் பயணக் கதை அது. பேராசிரியர் பி.எம். ஜூசே அதை ஆராய்ந்து, சமூகத்தின் குடியேற்ற நினைவு எப்படிப் பாட்டில் உறைந்திருக்கிறது என்று காட்டினார்.

இவற்றுக்கு நேர் எதிரே கைகொட்டிப் பாட்டுகள். வட்டமாக நின்று, கைதட்டித் தாளம் போட்டு, சுற்றி ஆடிப் பாடுபவை. திருவாதிரைக்களியிலும் நம் கும்மியிலும் உள்ள அதே உடல் அசைவு. வாத்தியம் தேவையில்லை, கைதான் தாளக் கருவி. இங்கே குரலின் இனிமையைவிட மூச்சும் வேகமும் முக்கியம். ஆடிக்கொண்டே பாடுவது எவ்வளவு கடினம் என்று கும்மியில் முதல் வரி எடுத்துக்கொடுத்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

பிறகு எபிரேயத் துதிப்பாடல்கள். இவை மலையாளப் பாட்டிலிருந்து முற்றிலும் வேறான இசை உலகம். கொச்சி யூதர்களின் வழிபாட்டு முறைக்குக் கொடுங்கல்லூரின் பழம் பெயரான ஷிங்லி என்றே பெயர். அந்த முறைக்கான பாடல் புத்தகங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிக் கப்பலில் வந்தன. அவற்றில் ஸ்பானியக் கவிஞர்கள் எழுதியதும் ஏமனிலிருந்து வந்ததும் கொச்சியிலேயே எழுதப்பட்டதும் உண்டு. இவற்றை ஆண்களோடு சேர்ந்து பெண்களும் பாடினார்கள். சில துதிப்பாடல்களை மலையாளத்தில் ஆக்கி அதே மெட்டில் பாடிய பழக்கமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் சீயோனை நோக்கிய ஏக்கத்தைச் சொல்லும் புதிய பாட்டுகள் மலையாளத்தில் எழுதப்பட்டு அதே நோட்டுகளில் ஏறின. மூதாட்டியிடம் கேட்டதும் முந்தாநாள் எழுதியதும் அடுத்தடுத்த பக்கத்தில்.

பல வகை இசை என்று இன்று சொல்கிறோமே, அதில் எது இங்கே குறைகிறது?

இதற்கான சூழல் தானாக அமைந்துவிடவில்லை. யூத மதச் சட்டத்தில் பெண்ணின் குரல் ஒரு விவாதப் பொருள். யூதச் சட்ட விளக்க நூலான தால்முதின் பெரகோத் பகுதியில், பெண் குரலை ஆணுக்குக் கவர்ச்சி தருவதாகக் கருதி விலக்கும் ஷ்முவேல் என்ற அறிஞரின் கூற்று ஒன்று உண்டு. அதைக் கொண்டு பல நாட்டு யூதச் சமூகங்கள் பெண்கள் ஆண்கள் முன்னிலையில் பாடுவதைக் கட்டுப்படுத்தின. கொச்சியில் அந்தத் தடை செல்லுபடியாகவில்லை. கல்யாண வீட்டில் ஆண்கள் உட்கார்ந்து கேட்க, பெண்கள் பாடினார்கள். சிம்ஹத் தோரா திருநாளில் பள்ளி முற்றத்திலும் பாடினார்கள். மதப் பற்றில் குறைந்தவர்கள் என்பதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஓய்வு நாளையும் உணவு விதிகளையும் அவர்கள் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள். பெண்கள் கூடிப் பாடாத சுபகாரியம் ஏது என்று கேட்கும் கேரள மண்ணில் வாழ்ந்த சமூகம், தன் சட்டத்தை அந்த மண்ணுக்கேற்பப் படித்துக்கொண்டது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கட்டடமும் உதவியது. கேரளத்து யூதப் பள்ளிகளில் வேறெங்கும் காணாத ஓர் அமைப்பு உண்டு: தோரா வாசிக்கும் மேடை இரண்டு. ஒன்று கீழே கூடத்தின் நடுவில். மற்றது மாடியில், பெண்கள் மாடத்துக்கு நேர் முன்னால். ஓய்வு நாளிலும் திருநாளிலும் மேல் மேடையிலிருந்துதான் வாசிப்பு. மரத் தட்டிக்கு அப்பால் சில அடி தூரத்தில் மறை ஓதப்படும். பெண்கள் அதை ஒட்டியே உட்கார்ந்து கேட்பார்கள். மற்ற நாட்டுப் பள்ளிகளில் தூரத்து மாடத்திலிருந்து மங்கலாகக் காதில் விழுவதை இவர்கள் எழுத்து எழுத்தாகக் கேட்டு வளர்ந்தார்கள். எபிரேய உச்சரிப்பும் மெட்டும் பிசகாமல் பிடிபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். கூடவே, சிறுமிகளுக்கும் எபிரேயம் படிக்கச் சொல்லித் தந்தார்கள். மலையாள எழுத்தும் தெரியும். ஆகவே அவர்களால் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள முடிந்தது.

அந்த நோட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கிடைத்தவற்றில் பழையவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றில் உள்ள சில பாட்டுகளின் மொழி அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதினாள். பாட்டியிடம் கேட்டதை இடையில் சேர்த்தாள். எபிரேயச் சொற்களை மலையாள எழுத்திலேயே எழுதிக்கொண்டாள். பழஞ்சொல் புரியாத இடங்களில் காதில் விழுந்தபடி எழுதியதால் பாடம் சிதைந்தது. சிதைந்த பாடத்தை அடுத்த தலைமுறை அப்படியே பாடியது. பதிப்பாசிரியருக்குத் தலைவலி, ஆனால் எழுத்தும் வாய்மொழியும் இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்ததால்தான் நமக்கு இவ்வளவாவது கிடைத்தது. தமிழ்ப் பெண்களின் தாலாட்டும் ஒப்பாரியும் எத்தனை ஆயிரம் எழுதப்படாமலே காற்றில் போயின என்று நினைத்தால் இந்த நோட்டுகளின் அருமை தெரியும்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பாட்டுலகம் அந்நியமானதல்ல. ஜோசப் ரப்பான் செப்பேடே வட்டெழுத்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழியில் இருக்கிறது. நம்மால் பாதிக்கு மேல் வாசித்துப் புரிந்துகொள்ள முடியும். கொச்சியின் கரையோரக் கத்தோலிக்கர்கள் ஆடும் சவிட்டு நாடகத்தின் பாட்டு இன்றும் தமிழ் கலந்ததுதான். அதன் தொடக்க கால ஆசிரியராகச் சொல்லப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி. கேரள முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டில் மூத்த நூலான முகியித்தீன் மாலை (1607) அரபு எழுத்தில் எழுதிய மலையாளம் என்றாலும், அதில் தமிழ்ச் சொற்கள் ஏராளம். தென்கிழக்கே கோட்டயம் பக்கத்துக் கினானாயக் கிறிஸ்தவர்களின் கல்யாணப் பாட்டுகளுக்கும் யூதப் பெண்களின் பாட்டுகளுக்கும் உள்ள ஒற்றுமையை ஜூசே எடுத்துக்காட்டியிருக்கிறார். கினானாயப் பாட்டுகளைப் பி.யு. லூக்காஸ் 1910இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். யூதப் பாட்டுகள் அச்சேற அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின.

யூதப் பாட்டுகளில் கிளி அடிக்கடி வருகிறது. கிளியை அழைத்துப் பேசுவது, கிளி பறந்து போன வழியைச் சொல்வது, வேடனுக்குத் தப்பிய கிளியைப் பற்றி உருகுவது. ஆண்டாளின் கிளி, அழகர் கிள்ளைவிடு தூது, எழுத்தச்சனின் கிளிப்பாட்டு என்று இந்தப் பறவை தென்னாட்டுக் கவிதையில் செய்யாத வேலை இல்லை. யூதப் பெண்கள் அதைத் தங்கள் வரலாற்றைச் சொல்லவும் வைத்துக்கொண்டார்கள். இருப்பிடம் விட்டு இருப்பிடம் பறக்கும் பச்சைக் கிளியில் அவர்கள் தங்கள் சமூகத்தையே பார்த்திருக்கலாம் என்பது இதை ஆராய்ந்தவர்களின் வாசிப்பு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது; கொடுங்கல்லூரை இழந்து வந்தவர்களின் நினைவு இதில் இல்லாமல் இருக்க முடியாது.

இனி கசப்பான ஒரு விஷயம். இந்தச் சிறிய சமூகத்துக்குள் ஏற்றத்தாழ்வு இருந்தது. பரதேசிகள் மலபார் யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. பரதேசிப் பள்ளிக்குள்ளேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குப் பள்ளிக்குள் மற்றவர்களோடு சமமாக உட்கார இடமில்லை. அதே பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் சத்தியாக்கிரகம் செய்துதான் அதை உடைத்தார். ‘யூத காந்தி’ என்று ஊர் அவரை அழைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், பெண் எடுக்காத, பந்தியில் சேராத இந்தப் பிரிவுகளின் நோட்டுகளை அருகருகே வைத்தால் ஒரே பாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பரதேசி வீட்டு நோட்டில் மலபார் யூதரின் பாட்டு. பரவூர்ப் பாட்டு மட்டாஞ்சேரி நோட்டில். ஆண்கள் போட்ட வேலியைப் பாட்டு மதிக்கவில்லை. பெண்கள் எங்கே சந்தித்தார்கள், யாரிடமிருந்து யார் கேட்டு எழுதினார்கள் என்பதை வைத்தே இந்தச் சமூகத்தின் இன்னொரு வரலாற்றை எழுதலாம்.

இந்த மரபிலிருந்து பெயரோடும் முகத்தோடும் நமக்குக் கிடைக்கும் ஒரு பெண் ரூபி டேனியல். 1912இல் மட்டாஞ்சேரி யூதத் தெருவில், பரதேசிப் பள்ளியில் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தப் பிரிவில் பிறந்தவர். எர்ணாகுளத்தில் புனித தெரசா பள்ளியில் படித்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். 1951இல் இஸ்ரேல் சென்று, வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கூட்டுப் பண்ணையில் குடியேறி, 2002இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் நிறுவிய பண்ணை அது. மலையாளம் பேச அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் அவருக்குப் பாட்டியிடம் கேட்ட பாட்டுகளை எழுதி வைக்க வேண்டும் என்ற வேகம் வந்தது.

அவர் மேடைப் பாடகி அல்லர். அவர் செய்தது வேறு. பரதேசிப் பெண்களிடையே மலையாளப் பாட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மங்கத் தொடங்கிவிட்டன. ஆங்கிலக் கல்வி வந்ததும் அவை பழைய காலத்துச் சங்கதி ஆயின. மூத்த பெண்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்த ரூபி, முதுமையில் உட்கார்ந்து நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை ஆங்கிலத்தில் ஆக்கினார். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்ததோடு, எந்தப் பாட்டை எந்தச் சடங்கில் பாடினார்கள், எங்கே சிரித்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எந்த அகராதியிலும் கிடைக்காத அறிவு அது. மானிடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ரூபி ஆஃப் கொச்சின்’ 1995இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கொச்சி யூதப் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். பள்ளியில் உட்கார இடம் மறுக்கப்பட்ட வீட்டுப் பெண், அந்தப் பள்ளியைப் பற்றிய பாட்டுகளை உலகத்துக்குக் கொண்டுபோனார். இதில் ஒரு நீதி இருப்பதாக நான் நினைக்கிறேன்.

1950களின் நடுப்பகுதிக்குள் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். நெவாத்திம், தாவோஸ், மெசிலத் சீயோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டார்கள். பெட்டியில் நோட்டுகளும் போயின. ஆனால் நோட்டைப் பயன்படுத்தச் சந்தர்ப்பம் வேண்டுமே! ஒரு வாரக் கல்யாணம் ஒரு மாலை விருந்தாகச் சுருங்கியது. பாலைவனத்தில் கோழிப் பண்ணையும் தோட்டமும் பார்த்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஆடிப்பாடத் தெம்பு இல்லை. பிள்ளைகள் எபிரேயம் பேசினார்கள்; மலையாளம் அம்மாவின் மொழியாகச் சமையலறையோடு நின்றது. பாட்டு மறக்கப்பட்டது என்று சொல்வதைவிட, அதைப் பாட வேண்டிய நாட்கள் நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டன என்று சொல்வதே சரி.

மீட்பு வேலை 1970களில் சூடு பிடித்தது. கேரளத்தில் ஜூசே நோட்டுகளைத் தேடிப் போனார். ஜெருசலேமில் ஷெர்லி ஐசன்பர்க். இரு நாட்டிலும் அலைந்து ஒலிநாடாவில் பதிவு செய்தவர் ஜான்சன். சுமார் முப்பது நோட்டுகள் திரண்டன. அடுத்த தலைமுறையில் காலடி சங்கராச்சாரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் பாடங்களை ஒப்பிட்டுத் திருத்தி, மலையாளமும் எபிரேயமும் எதிரெதிரே வைத்து 2005இல் ‘கார்குழலி’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம், ஜான்சனின் பொறுப்பில், இந்தப் பாட்டுகளின் குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்தது. 2022இல் மறைந்த ஸ்கறியா சக்கறியா, மலையாள அகராதி தந்த ஜெர்மானியர் குண்டர்ட்டின் கையெழுத்துப் படிகளை வெளிக்கொண்டு வந்தவராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய யூதப் பாட்டுப் பதிப்புக்கும் அதே அளவு கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவுகளில் பாடுவோர் வயதான பெண்கள். குரல் நடுங்குகிறது, சுருதி சில இடங்களில் இறங்குகிறது. இசை ரசிகர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இதிலென்ன வித்துவம் என்று கேட்கக்கூடும். வித்துவத்தைக் குரல் வளத்தில் மட்டும் தேடினால் அங்கே கிடைக்காது. மெட்டுகள் எளிமையானவை, சிறிய சுர எல்லைக்குள் சுற்றுபவை. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள ஏற்றவை. ஆனால் எந்தச் சொல்லை எங்கே நீட்டுவது, சரணத்தின் கூடுதல் அசையை எப்படித் தாளத்துக்குள் அடக்குவது, எபிரேயத் துதியிலிருந்து மலையாளக் கேலிக்கு எந்த நொடியில் தாவுவது என்பதெல்லாம் பயிற்சியில் மட்டுமே வருபவை. எழுபது வயதில், ஐம்பது ஆண்டாகப் பாடாத பாட்டை எடுத்து, பத்துச் சரணம் பிசகாமல் முடிப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இழப்பு எங்கே என்றும் சொல்லிவிட வேண்டும். சொற்கள் தப்பித்த அளவுக்கு மெட்டுகள் தப்பவில்லை. நோட்டில் மெட்டு எழுதும் வழக்கம் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் இருந்தவரை அதற்குத் தேவையும் இல்லை. முந்நூறு பாட்டின் பாடம் கையில் இருந்தும், குரலில் கேட்கக் கிடைப்பவை அதில் ஒரு பகுதிதான். இந்தப் பாட்டுகளை இலக்கியமாக மட்டுமே படிக்கும் பழக்கம் பாட்டின் பாதியைக் கைவிடுவதாகும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டடங்களுக்குக் கிடைத்த கவனத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் உறுத்தும். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடி பொருத்தப்பட்டுக் காட்சிக்கு இருக்கின்றன. வெறுமையாக நின்ற அந்தப் பள்ளியின் கட்டடம் 2019 மழையில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சேந்தமங்கலம், பரவூர்ப் பள்ளிகளை அரசு செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறது. எல்லாம் தேவையான வேலைகள்தாம். ஆனால் பெண்கள் மாடத்தின் மரத் தட்டியைப் பாதுகாத்துவிட்டு, அதற்குப் பின்னாலிருந்து எழுந்த பாட்டை விட்டுவிட்டால் எப்படி?

கேரளப் பள்ளிக் கலோத்சவத்தைப் பாருங்கள். முஸ்லிம் கல்யாண வீட்டின் ஒப்பனை அங்கே போட்டி. கிறிஸ்தவர்களின் மார்கங்களி போட்டி. திருவாதிரைக்களி, சவிட்டு நாடகம், கோல்களி எல்லாம் உண்டு. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் ஐந்து பழங்குடி ஆட்டங்களும் சேர்க்கப்பட்டன. யூதப் பெண்களின் கைகொட்டிப் பாட்டு மட்டும் பட்டியலில் இல்லை. பாடவும் ஆடவும் அந்தச் சமூகத்துச் சிறுமிகள் கேரளத்தில் இல்லை என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படலாம். ஆனால் ஒப்பனை ஆடும் சிறுமிகள் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். மார்கங்களி ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது, இன்று பள்ளி மேடையில் அது சிறுமிகளின் ஆட்டம். போட்டி மேடை ஒரு கலையின் ஊர் வேற்றுமைகளை அழித்து ஒரே அச்சில் வார்த்துவிடும் என்ற குறை நியாயமானது. அந்தக் குறையை ஏற்றுக்கொண்டும் நான் சேர்க்கச் சொல்வேன். பதிப்பித்த பாடம் இருக்கிறது. மட்டாஞ்சேரி, பரவூர், எர்ணாகுளத்துப் பெண்களின் குரல் ஒலிநாடாவில் இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டுத் தானும் பாடிப் பார்த்து, பிறகு பத்துச் சிறுமிகளுக்குச் சொல்லித்தரக்கூடிய பாட்டு ஆசிரியைகள் கொச்சியிலேயே இருக்கிறார்கள்.